வாழைநார்க் கயிறு காய்ந்ததும் தொளதொளத்துப் போகிறது, என்ன செய்யலாம்?

ஈசூன் தோட்டம்:
வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் சமூகத் தோட்டத்தில் குலை வெட்டிய வாழையைச் சாய்த்தார்கள். மட்டையிலிருந்து நாரெடுத்து, அன்றைக்கே இரட்டைப்புரியாகத் திரித்தேன். பயத்தங்காய்க் கொடிக்கு 2 மீட்டர் கயிறு வேண்டும். திரிக்கும்போது இறுக்கமாகத்தான் இருந்தது. இரண்டே நாளில் புரிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. இழுத்தால் நார் சேர்த்த இடத்தில் அறுகிறது. கரும்புள்ளி வேறு. கோளாறு நாரிலா, திரித்ததிலா?

முப்புரி:
நார் நல்ல நார்தான். பச்சையாகத் திரித்ததால் வந்த வினை. பச்சை நாரில் இருக்கும் நீர் வற்றும்போது ஒவ்வொரு புரியும் மெலியும். முறுக்கு அப்படியே இருக்க, உள்ளே இடம் காலியாகும். முதலில் நாரை முழுக்கக் காயவிடுங்கள். திரிப்பதற்குச் சற்று முன் ஈரத்துணியில் சுற்றி வைத்து, வளைத்தால் ஒடியாத பதம் வந்ததும் எடுங்கள். பூக்கட்டுபவர்கள் காய்ந்த வாழைநாரை நனைத்துக் கிழிப்பதும் இந்தப் பதத்துக்காகத்தான். சொட்டச் சொட்ட ஊறவைத்தால் பழைய கதைதான்.

அறுவதற்குக் காரணம் வேறு. நாரைச் சரிபாதியில் மடித்துத் தொடங்கியிருப்பீர்கள். இரண்டு புரியும் ஒரே இடத்தில் தீர்ந்து, இரண்டு ஒட்டும் பக்கத்தில் பக்கத்தில் விழும். மூன்றில் ஒரு பங்கில் மடியுங்கள், ஒட்டுகள் தள்ளித் தள்ளி வரும். ஒரு புரி மெலியத் தொடங்கும்போதே, தீருமுன், புது நாரின் நுனியைக் கூராகச் சீவி நான்கு விரல் நீளம் சேர்த்து முறுக்குங்கள்.

ஈசூன் தோட்டம்:
நன்றி அண்ணா. பாதியில்தான் மடித்தேன். முறுக்கும் திசையிலும் சந்தேகம் இருக்கிறது.

முப்புரி:
மேல்புரியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக முறுக்குங்கள். முறுக்கு விடாமல் அதை உங்கள் பக்கம் கொண்டுவந்து மற்றதன்மேல் போடுங்கள். இப்போது மேலே வந்த புரிக்கும் அதேதான். இரண்டு திசையும் எதிரெதிரானதால்தான் ஒன்றை ஒன்று பிடித்து நிற்கிறது. கையை எடுத்ததும் பிரிந்தால் புரியில் முறுக்கு குறைவு. திரித்ததில் நீளம் குறையும், 2 மீட்டருக்கு ஒவ்வொரு புரிக்கும் 3 மீட்டர் நார் வைத்துக்கொள்ளுங்கள்.

தாழைமடல்:
கரும்புள்ளிக்கு நான் சொல்கிறேன். நாரோடு ஒட்டிய சதையில்தான் பூஞ்சை பிடிக்கும். மட்டையைப் பலகைமேல் விரித்து, மழுங்கிய கத்தியை 45 பாகைக்குச் சாய்த்து, நடுவிலிருந்து நுனிக்கு வழியுங்கள். தண்ணீர் வடிவது நின்று, பட்டுப்போல வெண்மையான இழைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கூரான கத்தி நாரையே வெட்டிவிடும். பிறகு அலசி, நிழலில் கொடியில் பரப்புங்கள். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 90 சதவீதத்தைத் தாண்டும். இரவில் வெளியே விடாமல் வீட்டுக்குள் மின்விசிறிக்கடியில் வையுங்கள்.

வாழைநார் வெயில் மழையில் நீண்ட நாள் தாங்காது. ஒரு போகத்துக்குப் போதும். இன்னும் உறுதி வேண்டுமானால் வீட்டுத் தொட்டியில் வளரும் பாம்புக்கற்றாழை இலையை இதேபோல் வழித்துப் பாருங்கள், ஊறவைக்கவே தேவையில்லை. கடலோர நீர்ப்பருத்தி மரத்தின் உள்பட்டையிலும் அருமையான நார் உண்டு. ஆனால் பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ அனுமதியின்றிப் பட்டை உரிப்பது குற்றம். சுற்றிலும் உரித்தால் மரமே பட்டுப்போகும். அதைத் தொடாதீர்கள்.

எந்த நாராக இருந்தாலும் ஆள் எடை தாங்கும் வேலைக்கு வேண்டாம்.