பொருள்: ஹமார்ட்டியா - குற்றமா, பிழையா?

அன்புள்ள குழுவினருக்கு,
திங்கட்கிழமை வகுப்பில் அரிஸ்டாட்டிலின் கவிதையியல், 13ஆம் இயல். அவல நாடகத் தலைவனை வீழ்த்தும் 'ஹமார்ட்டியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'குணக்கேடு' என்று குறிப்பெழுதினேன். தந்தையைக் கொல்வான் என்று விதிக்கப்பட்ட கிரேக்க நாடக அரசன் ஈடிபஸுக்கு அது பொருந்தவில்லை என்கிறார்கள் மாணவர்கள்.

*

> குணக்கேடு என்று குறிப்பெழுதினேன்

'குற்றம்' இருக்கிறதே, அம்மா. அரசனுக்காகவே குற்றங்கடிதல் என்று ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், செருக்கையும் சினத்தையும்தான் முதலில் சொல்கிறார். ஈடிபஸிடம் இரண்டும் உண்டு. மூன்று பாதைகள் கூடுமிடத்தில், வழித்தகராறில் ஒரு முதியவரை அடித்தே கொன்றான். உண்மை சொன்ன குறிசொல்லி டைரீசியஸைச் சதிகாரன் என்றான். அந்தச் சதியில் கூட்டு என்று மைத்துனன் கிரியோனுக்குச் சாவே தண்டனை என்று நின்றான். இதில் விதியை எங்கே பழிப்பது? 'அவலக்குற்றம்' என்பதே சரி.

*

> விதியை எங்கே பழிப்பது?

ஐயா, பழி அவனுடையதுதான். ஆனால் அந்த முதியவர் தன் தந்தை என்று அவனுக்குத் தெரியாது. தீக்குணத்தால் அல்ல, ஹமார்ட்டியாவால் வீழ்பவன் என்று அரிஸ்டாட்டில் பிரித்தே சொல்கிறார். 'குற்றம்' என்றால் அந்தப் பிரிவு அழிந்துபோகும். எறிந்த ஈட்டி குறி தவறுவதற்கு ஹோமர் ஆளும் வினையிலிருந்து வந்த சொல் இது. நம்மிடமும் அதே பொருளில் ஒன்று உண்டு: 'யானை பிழைத்த வேல்' (குறள் 772). யானையும் பிழைத்தது, வேலும் பிழைத்தது. தப்புதல், தவறுதல் இரண்டுக்கும் ஒரே வினை! அப்புறம் சிலம்பில் பாண்டியன், 'என்முதல் பிழைத்தது' என்கிறான். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டேன் என்பவன், பழியை அவன் தலையில் கட்டாமல் 'யானே கள்வன்' என்று தானே ஏற்கிறான். அறியாமல் செய்ததும் அதற்குப் பொறுப்பேற்பதும் 'பிழை' என்ற ஒரே சொல்லில் அடங்குகின்றன. ஆகவே 'அவலப்பிழை'.

*

பிழை என்றதும் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழைதான் நினைவுக்கு வரும். 'ஹமார்ட்டியா' என்றே எழுதிவிடுங்கள். டிராமாவை நாம் நாடகம் என்கிறோம், சரி. ஹமார்ட்டியாவை ஆங்கிலத்துக்காரர்களே பலர் அப்படியே எழுதுகிறார்களே.

*

எல்லோருக்கும் நன்றி. மூவர் தனிமடலிலும் 'அவலப்பிழை'யை ஆதரித்திருக்கிறார்கள். திங்களன்று அதை எழுதி, பக்கத்தில் ஹமார்ட்டியாவையும் போடுகிறேன்.

*

எழுதுங்கள், அம்மா. ஆனால் தந்தையைக் கொன்றது அறியாமல் நேர்ந்தது; கிரியோன் மேல் சான்றே இல்லாமல் சதிப்பழி சுமத்தியபோது ஈடிபஸ் அரியணையில் இருந்தான், விசாரிக்க அவகாசமும் இருந்தது. அதைப் பிழை என்று நான் ஒப்பமாட்டேன்.