நெடுந்தூரக் கடல் நீச்சல்காரர்களை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

தேவனாம்பட்டினத்திலிருந்து:
பாக் நீரிணையைக் கடக்கப் பயிற்சி எடுத்த ஒரு கல்லூரி மாணவிக்குத் துணையாக எங்கள் ஃபைபர் படகு போனது. புதுச்சேரியில் இறங்கி எங்கள் கடலூருக்கு நீந்தி வருவதாகத்தான் ஏற்பாடு. வைகாசி மாதம், தென்காற்றுக் காலம். கடல் வடக்கே ஓடும். "எதிரே வந்தால் கை வலிதான் மிச்சம். இங்கே இறங்கி அங்கே ஏறட்டும்" என்றார் சித்தப்பா. பயிற்சியாளரின் முகம் சுருங்கியது; மாலை, மேளம் எல்லாம் கடலூரில் சொல்லி வைத்திருந்தாராம்! கடைசியில் சித்தப்பா சொன்னபடிதான் நடந்தது.

படகைத் தொட்டால் நீச்சல் செல்லாது. அதனால் கஞ்சித் தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி வீசுவோம். மல்லாந்து மிதந்தபடி நாலு மடக்குக் குடித்துவிட்டு உடனே புரண்டுவிடுவாள். வாசலின் பூசியும் கழுத்தோரம் நீச்சலுடை அறுத்துச் சிவந்திருந்தது. சொறிமீன் பட்டு முழங்கை தடித்தபோதும் நிற்கவில்லை. என்னை வியக்க வைத்தவர் சித்தப்பாதான். எஞ்சின் புகை அந்தப் பெண்ணின் மூக்கில் ஏறாதபடி, காற்று அவளைக் கடந்து படகுக்கு வரும் பக்கமாகவே கடைசிவரை ஓட்டினார்.

கடலூர் முதுநகரிலிருந்து:
நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் 1994-இல் குற்றாலீஸ்வரன் 12 வயதில் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, மிகிர் சென்னின் ஐந்து என்ற சாதனையை முறியடித்தபோது எங்கள் தெருப் பையன்கள் பாதிப் பேர் உப்பனாற்றில் குதித்தார்கள். மீதிப் பேர் வீட்டில் அடி வாங்கினார்கள். அப்படிப்பட்ட பிள்ளை பிறகு நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கப் போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

புதுச்சேரியிலிருந்து:
இலங்கையின் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனை விட்டுவிட்டீர்களே! 1971-இல் அங்கிருந்து கோடியக்கரைக்கு வந்து, திரும்பவும் நீந்தியே ஊர் போனவர். மொத்தம் 51 மணி நேரம். 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போதே உயிர் போயிற்று. அது சரி, அந்த மாணவி பாக் நீரிணையைக் கடந்தாரா?

தேவனாம்பட்டினத்திலிருந்து:
இன்னும் இல்லை. இந்திய அரசும் கடற்படையும் இலங்கையும் அனுமதி தர வேண்டும். மனு போட்டுக் காத்திருக்கிறாள். காகிதம் வந்தால் தானும் ராமேஸ்வரம் வருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். அங்குள்ள படகோட்டிகளை அவர் நம்பவில்லை.