டிப்ளாய் ஆகிவிட்டது, பாதியில் நிற்கும் பில்கள் மட்டும் பழைய வழியிலேயே போகின்றன

தனிமரம்:
காமுண்டா 7-இல் (வேலைகளைப் படிப்படியாக நகர்த்தும் மென்பொருள்) பில் அப்ரூவல் ஓடுகிறது. மேலாளர் ஒப்புதல், அடுத்து பேமென்ட், அவ்வளவுதான். ஒரு வாடிக்கையாளர் நடுவில் கணக்குப் பிரிவும் பார்க்கணும் என்றார். படிகளை வரைந்த படத்தில் ஒரு யூசர் டாஸ்க் (ஆள் செய்யவேண்டிய படி) சேர்த்து டிப்ளாய் செய்தேன். புது பில்கள் ஒழுங்காகப் போகின்றன. பாதியில் கிடக்கும் 43 பில்கள் புது டாஸ்க்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மாத்தியாச்சுன்னு சொன்னீங்களே" என்று காலையிலிருந்து மூன்று ஃபோன். மற்ற வாடிக்கையாளர்களோ இந்தப் படியே வேண்டாம் என்கிறார்கள். ஆளுக்கொரு காப்பி போட்டுவிடலாமா?

பழையகை:
அது பிழை இல்லைங்க. எந்த வெர்ஷனில் தொடங்கியதோ அதிலேயே முடியும். அமேசானின் இதே மாதிரி சேவையான ஸ்டெப் ஃபங்ஷன்ஸிலும் இதே கதைதான். மைக்ரேஷன் பிளான் (பழைய வெர்ஷனின் எந்தப் படிக்குப் புதியதில் எது என்ற பட்டியல்) எழுதி பில்களைப் புது வெர்ஷனுக்கு நகர்த்துங்கள். மேலாளர் டாஸ்க்கின் ஐடியை மாற்றாமல் விட்டிருந்தால் அதுவே பொருத்திக்கொள்ளும் (பெயர் மாறினால் பரவாயில்லை). ஆனால் மைக்ரேஷன் எதையும் பின்னால் இழுக்காது. பேமென்ட்டில் நிற்கிற பில் நகர்த்திய பிறகும் பேமென்ட்டில்தான் நிற்கும்.

காப்பி மட்டும் வேண்டவே வேண்டாம். நான் போட்டவன். டெனன்ட்டுக்கு (வாடிக்கையாளருக்கு) ஒன்றாக 11 படம். ரிமைண்டரை 2 நாளிலிருந்து 3 நாளாக்க 11 இடத்தில் கை வைத்தேன். ஒன்றில் 'பி3டி' என்பதற்குப் பதில் 'பி3எம்' என்று அடித்துவிட்டேன். டி நாள், எம் மாதம். என்ஜினுக்கு இரண்டும் சரிதானே, வாயே திறக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டுத்தான் தெரிந்தது.

படம் ஒன்றே இருக்கட்டும். யாருக்கு, எந்தத் தொகைக்கு மேல் கணக்குப் பிரிவு என்பதை டிஎம்என் அட்டவணையில் (முடிவு விதிகளைப் படத்துக்கு வெளியே வைக்கும் அட்டவணை) வையுங்கள். டீஃபால்ட்டாகப் படம் அந்த அட்டவணையின் கடைசி வெர்ஷனைத்தான் எடுக்கும். அடுத்த முறை அட்டவணையை மாற்றினால் அந்த இடத்துக்கு இன்னும் வராத பில்லுக்கும் புது விதிதான், மைக்ரேஷன் வேலையே இல்லை.

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் ஆடிட்டில் மாட்டுவீர்கள். ஒரே நாளில் தொடங்கிய இரண்டு பில்லுக்கு இரண்டு விதி என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஹிஸ்டரி லெவலை (என்ஜின் எவ்வளவு பதிவு வைக்கும் என்ற அமைப்பு) 'ஃபுல்' என்று வைத்தால்தான் எந்த உள்ளீட்டுக்கு என்ன முடிவு வந்தது என்பது பதிவாகும்.

தனிமரம்:
ஒரு பில்லை மட்டும் நகர்த்திப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் நகர்த்தினேன். 39 கணக்குப் பிரிவு வழியாகப் போகும். பேமென்ட்டில் நின்ற 4 பில்லை என்ன செய்வது என்று வாடிக்கையாளரிடமே கேட்டேன். "அதெல்லாம் அனுப்பிடுங்க, சப்ளையர் கத்துறான்" என்றார்.