புதுப்பிப்பு: ஆறு, ஏரி ரெண்டுக்கும் ஒரே போட், ஜெட்டே எடுத்துட்டேன்

ஆத்துலயும் ஏரியிலயும் மீன் பிடிக்க ப்ரொப்பெல்லரா ஜெட்டான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, கடைசியில ஜெட் அவுட்போர்டு (போட்டோட பின்பக்கம் மாட்டுற எஞ்சின், ப்ரொப்பெல்லருக்கு பதிலா தண்ணிய உறிஞ்சி பின்னாடி பீய்ச்சி போட்டைத் தள்ளும்) வச்ச அலுமினிய போட்டே எடுத்தாச்சு. ப்ரொப்பெல்லரோட ஒப்பிட்டா பவர்ல சுமார் 30 சதவீதம் போயிடும்னு நீங்க சொன்னது நிஜம்தான், ஆனா முழங்கால் கூட நனையாத தண்ணியில, அடியில கூழாங்கல் ஒவ்வொண்ணா தெரியுது, அதுக்கு மேல வழுக்கிட்டு போறப்ப மனசு நிறைஞ்சிருச்சுங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டர் மாதிரி) விட்டா தண்ணி பீய்ச்சுறது குறைஞ்சு ஸ்டியரிங்கும் போயிடும், பழைய பழக்கத்துல வேகத்தை குறைச்சுட்டு திருப்பினேன், நேரா கரையப் பாத்து போயிடுச்சு.

ஏரியில பாசிதான் தொல்லை, தண்ணி இழுக்குற இடத்துல இருக்குற கம்பியில சுத்திக்கும், எஞ்சினை நிறுத்திட்டு கையால பிச்சு எடுக்கணும். அடிப்பக்கம் லேசா வி வடிவம் இருக்குறதால காத்தடிச்சாலும் அலையில ரொம்ப தூக்கிப்போடல.