மீட்ட சாய உப்பு திரும்பத் தொட்டிக்குப் போகிறதா, குடோனுக்குப் போகிறதா?

(ஐந்து பேர் பேசும் விவாதம். ஒவ்வொரு பகுதியின் மேலே இருப்பது பேசுபவரின் புனைபெயர்.)

சவ்வுப்பக்கம்

வேதித்தொழிலில் சுழற்சிப் பொருளாதாரம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் ஐரோப்பாவில் பிளாஸ்டிக்கை எண்ணெயாக்கும் ஆலையைத்தான் காட்டுகிறார்கள். திருப்பூர் யார் கண்ணிலும் படுவதில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றில் சொட்டுக் கழிவுநீரும் விடாமல் ஓட்டினால்தான் தொழில் என்ற நிலை அதோடு உறுதியானது. இன்று பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உயிரியல் தொட்டி, நிறநீக்கம், ஆர்.ஓ. (சவ்வு வழியாகத் தண்ணீரையும் உப்பையும் பிரிப்பது), எவாப்பரேட்டர் (கொதிக்க வைத்து ஆவியாக்குவது), கிரிஸ்டலைசர் (உப்பைப் படிகமாக்குவது) என்று வரிசையாக நிற்கின்றன. தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் பட்டறைக்கே திரும்புகிறது. சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடும் உப்பான சோடியம் சல்ஃபேட்டும் திரும்புகிறது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கும் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் தொடர் இணையக் கண்காணிப்பு வைக்க உத்தரவிட்டது. அதனால் மீட்டர்களுக்கும் பஞ்சமில்லை.

என் கட்சி இதுதான்: இரும்பு வேலை முடிந்துவிட்டது, மிச்சம் மென்பொருள் வேலை. சவ்வு எப்போது அடைக்கும் என்று முன்னதாகச் சொல்லும் மாடலும், எவாப்பரேட்டரைத் தானே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாடும் வந்தால் வட்டம் மூடிவிடும்.

உப்புக்கணக்கு

தண்ணீர் வட்டம் சரிங்க. உப்பு வட்டம் மூடலை, நீங்க சொல்ற வழியில மூடவும் மூடாது. கணக்குப் போட்டுப் பாருங்க.

100 கிலோ துணி, துணிக்குத் தண்ணீர் 1:6 விகிதம், ஆக 600 லிட்டர் தொட்டி. அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் சல்ஃபேட் என்றால் 36 கிலோ. சாயத்தை ஒட்ட வைக்கும் காரமான சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) 10 கிலோ. அந்தச் சோடா ஆஷை சல்ஃபியூரிக் அமிலம் விட்டு முழுக்க நடுநிலையாக்கினால் 106-க்கு 142 என்ற விகிதத்தில் 13 கிலோ சல்ஃபேட் புதுசாப் பிறக்குது. 36 கிலோ உள்ளே போச்சு, 49 கிலோ வெளியே வருது. நூற்றுக்கு நூறு மீட்டாலும் 13 கிலோவை எங்கே கொட்டுவீங்க?

ஹைட்ரோகுளோரிக் அமிலம் மலிவு என்று அதை விட்டால் இன்னும் மோசம். 11 கிலோ சாதா உப்பு கலந்துடும். தண்ணீரின் கடினத்தன்மை எடுக்கும் சாஃப்ட்னரைப் புதுப்பிக்கச் சாதா உப்பு, நிறம் எடுக்க ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்), சேறு இறக்க பாலி அலுமினியம் குளோரைடு, எல்லாமே குளோரைடு. கடைசியில் எவாப்பரேட்டரின் அடியில் நிற்கிறது சல்ஃபேட்டும் குளோரைடும் கார்பனேட்டும் சேர்ந்த கலவை உப்பு. பட்டறைக்காரர் வாங்க மாட்டார். குடோனில் மூட்டை அடுக்கி, மழைக்குத் தார்ப்பாய் போட்டுக் காவல் காக்க வேண்டியதுதான். உங்க மாடல் இதில் என்ன செய்யும்?

சவ்வுப்பக்கம்

குளோரைடு விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த வால்வு வழியாக எவ்வளவு குளோரைடு நுழைந்தது என்று யாரும் அளப்பதில்லை. அமிலம், ஹைப்போ, சாஃப்ட்னர் மூன்று குழாய்களிலும் ரசாயனத்தை அளந்து விடும் டோசிங் பம்பின் ஓட்டத்தைப் பதிவு செய்தால் கலவை உப்பு எங்கே பிறக்கிறது என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். நான் சொல்லும் டிஜிட்டல் அதுதான்.

சோடா ஆஷ் முழுக்க அமிலத்துக்குப் போவதுமில்லை. உயிரியல் தொட்டியில் பாக்டீரியா விடும் கரியமில வாயுவே அதில் ஒரு பங்கை பைகார்பனேட்டாக்கிவிடும். பாய்லர் புகையை ஊதினாலும் அதே வேலை நடக்கும். அமிலச் செலவே குறையும்.

உப்புக்கணக்கு

பைகார்பனேட் ஆனா தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தமா? எவாப்பரேட்டரில் சூடேறினதும் கரியமில வாயுவை விட்டுட்டு மறுபடி கார்பனேட்டா நிக்கும். உப்போட சேர்ந்தே கீழே இறங்கும். அதைத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்னு சாயக்காரர்தான் சொல்லணும்.

மீட்டர் பற்றியும் ஒன்று. டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு) மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. மின்கடத்துதிறனை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுது, அவ்வளவுதான். 20 டிகிரியில் 1 சதவீதச் சாதா உப்புக் கரைசல் சென்டிமீட்டருக்கு 16 மில்லிசீமன்ஸ் காட்டும். அதே 1 சதவீத சல்ஃபேட் சுமார் 11 தான் காட்டும். சாதா உப்புக்கு வைத்த எண்ணோடு சல்ஃபேட் தண்ணியை அளந்தால் 100 கிலோ உப்பு 70 கிலோவாத் தெரியும். போதாததுக்குக் கடத்துதிறன் டிகிரிக்கு 2 சதவீதம் ஏறும். வெப்பத் திருத்தம் அணைந்து கிடந்தால் 35 டிகிரி தண்ணியில் அதுவே தனிப் பிழை. இந்த எண்களை வைத்து மாடல் கட்டினால் மாடலும் பொய்தான் சொல்லும்.

ஷேடுகார்டு

இரண்டு பேருமே சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நின்று பேசுகிறீர்கள். சாயத்தொட்டிப் பக்கம் வாருங்கள். மீட்ட உப்பைப் பட்டறை மறுப்பதற்கு வீம்பு காரணமில்லை.

உப்பில் கார்பனேட் இருந்தால், சோடா போடும் கட்டத்துக்கு முன்பே பி.எச். ஏறி, ரியாக்டிவ் சாயம் (காரத்தில் பருத்தியோடு வேதிப்பிணைப்பாக ஒட்டும் வகை) துணியில் பரவும் முன் ஒட்டத் தொடங்கிவிடும். துணி திட்டுத் திட்டாக வரும். 5 சதவீதக் கரைசல் போட்டு பி.எச். பாருங்கள். 8-க்கு மேல் போனால் அந்த மூட்டையைத் தொடாதீர்கள். கால்சியம், மக்னீசியம் இருந்தால் சாயம் திரிந்து புள்ளி விழும். டர்க்காய்ஸ் வகைகள் இதில் படு மோசம்.

மூன்றாவது குறைதான் அதிகம் ஏமாற்றுவது. குளிர்வித்துப் படிகமாக்கினால் கிடைப்பது 10 நீர் மூலக்கூறு சேர்ந்த கிளாபர் உப்பு. எடையில் 44 சதவீதம்தான் சல்ஃபேட், பாக்கி தண்ணீர். 36 கிலோ நீரற்ற உப்பு வேண்டிய இடத்தில் இதை 82 கிலோ போட வேண்டும், தொட்டித் தண்ணீரில் 46 லிட்டர் குறைக்க வேண்டும். ரெசிபியை மாற்றாமல் 36 கிலோவே போட்டால் லிட்டருக்கு 26 கிராம்கூட நிற்காது. ஷேடு வெளுத்துவிடும். பழி மட்டும் "மீட்ட உப்பு மட்டம்" என்று உப்பின் மேல் விழும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. ரெசிபி மென்பொருளில் கிளாபர், நீரற்றது என்று இரண்டு பொருள் குறியீடு வைத்தால் போதும்.

பிரைன்

கேட்கிறேன் என்று தவறாக நினைக்காதீர்கள். உப்பைப் படிகமாக்குவதே எதற்கு?

ஆர்.ஓ. கடைசிக் கட்டத்தின் ரிஜெக்ட் (சவ்வு தாண்டாத உப்புநீர், அதாவது பிரைன்) லிட்டருக்கு 50, 60 கிராம் உப்போடு வருகிறது. சாயத்தொட்டி கேட்பதும் 60 கிராம். அதைக் கொதிக்க வைத்து உப்பாக்கி, மூட்டை கட்டி, மறுபடி தண்ணீரில் கரைக்கிறோம்! ஒரு நாளைக்கு 120 கனமீட்டர் ரிஜெக்ட் என்று வையுங்கள். நான்கு கட்ட எவாப்பரேட்டரில் 1 கிலோ நீராவிக்கு 3.5 கிலோ தண்ணீர் ஆவியாகும். ஆக 34 டன் நீராவி. 1 கிலோ விறகுக்குச் சுமார் 3 கிலோ நீராவி என்றால் தினம் 11 டன் விறகு. ரிஜெக்டிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் எடுத்துவிட்டு அப்படியே தொட்டிக்கு அனுப்பும் முறையைத் திருப்பூர்ப் பக்கம் அருள்புரம் பொது நிலையத்தில் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்கள். எவாப்பரேட்டருக்கு மிச்சம்மீதி போனால் போதும்.

ஷேடுகார்டு

பிரைன் நல்ல யோசனைதான். ஆனால் மூட்டை உப்பு எல்லா நாளும் ஒரே உப்பு. பிரைன் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறும். காலையில் 58 கிராம், இரவில் 47. அடுத்தடுத்த இரண்டு லாட்டுக்கு இரண்டு ஷேடு வந்தால் பனியனின் உடம்பும் கையும் வேறு வேறு நிறமாகத் தெரியும். லாட்டைத் திரும்பச் சாயமேற்றினால் இன்னொரு 36 கிலோ உப்பு. நிறத்தை உரித்துவிட்டுப் போடுவதானால் ஹைட்ரோஸும் காஸ்டிக்கும் அதன்மேல் கூடுதல். நீங்கள் மிச்சம் பிடித்த விறகெல்லாம் ஒரு கெட்ட லாட்டில் போய்விடும்.

வெளிர் நிறத்துக்கு 20, 30 கிராம்தான் உப்பு. அங்கே பிரைனைப் பாதிக்குப் பாதி நீர்க்க வேண்டும். ஆர்டரில் வெளிர் நிறம் கூடிய வாரத்தில் பிரைன் டேங்க் நிரம்பி வழியும்.

சவ்வுப்பக்கம்

இப்போது பேச்சு என் பக்கம் வருகிறது! பிரைன் மாறுகிறது என்றால் ஒவ்வொரு லாட்டுக்கும் அளந்து ஈடுகட்ட வேண்டும். தொட்டி நிரம்பியதும் அடர்த்தியும் வெப்பமும் எடுத்து, 60-க்குக் குறையும் உப்பை மட்டும் டோசர் போடட்டும். 47 கிராம் பிரைன் என்றால் லிட்டருக்கு 13 கிராம் வீதம் 600 லிட்டருக்கு 7.8 கிலோ. கையால் செய்தால் இரவு ஷிப்டில் தவறும், இயந்திரம் செய்தால் தவறாது. வெளிர், அடர் வரிசையையும் டேங்க் மட்டத்தைப் பார்த்து உற்பத்தித் திட்ட மென்பொருளே மாற்றலாம்.

நொய்யல்கரை

உப்பே போடாத சாயத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? பருத்தியை நேர்மின் ஏற்றம் பெறச் செய்தால் உப்பில்லாமல் சாயம் ஏறும். துணியைச் சாயத்தில் தோய்த்துப் பிழிந்து, சூடேற்றாமல் ரோலில் சுற்றி வைக்கும் கோல்டு பேட் பேட்ச் முறையிலும் உப்பு கிடையாது.

ஷேடுகார்டு

நேர்மின் ஏற்றிய துணியில் சாயம் பாய்ந்து ஒட்டும். நூலின் மேல்தோல் மட்டும் நிறமாகி உள்ளே வெள்ளை நிற்கும். அந்த ரசாயனத்தில் ஒரு பங்கு நீரோடு வினைபுரிந்து வீணாகும், மீன் வாடையும் அடிக்கும். கோல்டு பேட் நெய்த துணிக்கு அருமை. திருப்பூரில் ஓடுவது பின்னலாடை. இழுத்தால் நீளும், ஓரம் சுருளும், ரோலில் 12 மணி நேரம் கிடந்தால் மடிப்புத் தடம் விழும். இழுவிசை குறைந்த திறந்த அகல இயந்திரம் வேண்டும், சின்ன ஜாப் ஒர்க் பட்டறைக்குக் கட்டாது. இப்போதைக்குக் கைக்கு எட்டுவது துணியோடு ஒட்ட இரண்டு முனை உள்ள இருமுனை ரியாக்டிவ் சாயங்கள்தான். ஒருமுனைச் சாயம் 60, 70 சதவீதம் ஒட்டும் இடத்தில் இவை 80-ஐத் தாண்டும். கடைசியில் நிறம் நீக்க ஹைப்போ குறையும், அதனால் குளோரைடும் குறையும்.

உப்புக்கணக்கு

அதைத்தானுங்க முதல்லருந்து சொல்றேன், வேலை தொட்டிக்கு முன்னாலேயே இருக்கு. சவ்வுப்பக்கம் சொன்ன டோசரையும் ஒத்துக்கிறேன், ஒரு நிபந்தனையோட. அடர்த்தி மீட்டருக்கு சல்ஃபேட், குளோரைடு, கார்பனேட் வித்தியாசம் தெரியாது. ஷிப்டுக்கு ஒரு தடவை பிரைனை நீர்த்து சில்வர் நைட்ரேட் டைட்ரேஷனில் குளோரைடும், அமிலம் விட்டுக் காரத்தன்மையும் பாருங்க. அரை மணி நேர வேலை. அந்த டைட்ரேஷனில் நிறம் காட்டுற குரோமேட் இண்டிகேட்டர் விஷம், அதைச் சாக்கடையில் ஊத்தாம தனிக் கேனில் சேருங்க, வட்டம் மூடப்போயி அது வேற வம்பாகிடும். அடர்த்தி, குளோரைடு, காரத்தன்மை, அந்த மூணு எண்ணும் டோசருக்குள்ள போனால்தான் அது போடுற 7.8 கிலோவுக்கு அர்த்தம்.

அமிலத்தை ஹைட்ரோகுளோரிக்கிலிருந்து சல்ஃபியூரிக்குக்கு மாத்தி, ஹைப்போவுக்குப் பதிலா ஓசோன் வைச்சாலும் என்னோட 13 கிலோ உபரி அப்படியே நிக்குது. அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

பிரைன்

உபரி சல்ஃபேட் சுத்தமாக இருந்தால் விற்கலாம். சோப்புத்தூள், கண்ணாடி ஆலைகள் வாங்கும் சரக்குதான். கலவை உப்பாக இருந்தால்தான் குடோன்.

எனக்கு மீதியுள்ள கேள்வி வேறு. பிரைனை அனுப்புவது பொது நிலையம், சாயம் போடுவது பட்டறை. 47-ஐ 58 என்று மீட்டர் காட்டி லாட் கெட்டால் துணிக்காரருக்குப் பணம் கட்டுவது யார்? பட்டறையின் தொட்டியில் எடுத்த அளவா, நிலையத்தின் குழாயில் எடுத்த அளவா, எது செல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுதாதவரை எந்த மேனேஜரும் அந்த வால்வைத் திறக்க மாட்டார்.

ஷேடுகார்டு

தொட்டியில் எடுத்த அளவுதான். மாதிரியை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றை லாட் நம்பர் எழுதி, துணி டெலிவரி ஆகும்வரை வைத்திருக்க வேண்டும்.