புதுப்பிப்பு: ராகி கேக் உதிராம வந்துருச்சுங்க

போன மாசம் கேட்டிருந்தேனுங்க: ரெண்டு பேரும் எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பணும், காலையில புள்ளைங்களுக்குக் குடுக்க மைதா இல்லாம ராகி கேக் சுட்டா உதிருது, என்ன பண்றதுன்னு. வழி சொன்ன அத்தனை பேருக்கும் நன்றிங்க.

ராகியில குளூட்டன் (கோதுமையில மாவைச் சேர்த்துப் பிடிக்கிற புரதம்) கிடையாது, அதான் பிடிப்பில்ல. இப்ப ஒரு கப் ராகிக்கு ஒரு கப் கோதுமை மாவு. ஆனா உண்மையான வித்தியாசம் ஊற வைக்கிறதுலதான் இருக்கு. மூணு கனிஞ்ச வாழைப்பழத்தை மசிச்சு, முக்கால் கப் தயிர், முக்கால் கப் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை சேர்த்து, ராகி மாவை அதுல இருபது நிமிசம் விட்டுடறேன். மணல் மாதிரி நறநறப்பு போய் மாவு கெட்டியாகுது. அப்புறம் அரை கப் உருக்கின ஊத்துக்குளி வெண்ணெய், கோதுமை மாவு, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சோடா. 180 டிகிரியில முக்கால் மணி நேரம். முழுசா ஆறுன பிறகுதான் வெட்டணும். ராத்திரியே சுட்டு வெச்சா, காலையில ஒரு துண்டைத் தோசைக்கல்லுல வெண்ணெய் போட்டுத் திருப்பி எடுத்தாப் போதும்.

வேலை நாள்ல சந்தகை (எங்க கொங்குப் பக்கத்து அரிசிச் சேவை) முடியுமான்னு ஒரு அக்கா கேட்டிருந்தீங்க. முடியுமுங்க. புழுங்கலரிசியை ராத்திரியே அரைச்சு ஃப்ரிட்ஜுல வெச்சுருங்க. காலையில இட்லியா ஊத்தி வேக வெச்சு, சூடு ஆறுறதுக்குள்ள சந்தகை அச்சுல போட்டுப் பிழிஞ்சுருங்க. ஆறுனா அச்சு நகராது. பெரியவளுக்கு எலுமிச்சைத் தாளிப்பு, சின்னவனுக்குத் தேங்காய்ப்பால்.

கம்பு மாவுல யாராவது இதே கேக் சுட்டிருந்தா அளவு சொல்லுங்க.