ரியல் டைமா, டேர்ன் பேஸ்டா: நாலு பேருக்கு எது சரிவரும்?

வாவிக்கரை:
நாலு பேர் நெட்டில சேர்ந்து படை நடத்திற கம்ப்யூட்டர் கேம் ஆடப் போறம். கல்லடியில ரெண்டு பேர், அக்கரைப்பற்றில ரெண்டு பேர். சனி இரவில ரெண்டு மணித்தியாலம்தான் நேரம். லேப்டாப் ரெண்டு 4 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்ட் இல்ல. ஒராள் போன் ஹொட்ஸ்பொட். 0 ஏ.டி. (ரியல் டைம், எல்லாரும் ஒரே நேரத்தில ஆடுறது), வெஸ்னோத் (டேர்ன் பேஸ்ட், ஒராளுக்குப் பிறகு ஒராள் முறை வைச்சு ஆடுறது) ரெண்டும் இலவசம் எண்டு இறக்கியாச்சு. எதில தொடங்கிறது நல்லம்? ஹொட்ஸ்பொட் டேட்டா காணுமா?

சம்மாந்துறையான்:
டேட்டா தாராளமாக் காணும். ரியல் டைமில 500 வீரர் ஓடினாலும் அவங்கட இடமெல்லாம் நெட்டில போறதில்ல. நீங்க குடுக்கிற கட்டளை மட்டும்தான் போகும், மிச்சக் கணக்க ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே போடும். எல்லாருக்கும் ஒரே விடை வரணும், ஒராள்ட கணக்கு பிந்தினாலும் ஆட்டம் நகராது. 1997ல வந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸும் இப்பிடித்தான்: 200 மில்லிசெக்கனுக்கு ஒரு டேர்ன், இப்ப குடுத்த கட்டளை ரெண்டு டேர்ன் தள்ளி நடக்கும். ரியல் டைமும் உள்ளுக்குள்ள டேர்ன்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது.

அதால ஒரு 4 ஜிபி லேப்டாப் மெதுவாகி இழுத்தா நாலு பேருக்கும் இழுக்கும். 0 ஏ.டி.யில ஆளுக்கு 100 பேரோட நிறுத்துங்க, சின்ன மேப் எடுங்க. பெரிய படை வழி தேடி நெரியக்குள்ளதான் கூட இழுக்கும். எல்லாரும் ஒரே வேர்ஷன், ஒரே மொட் (ஆட்டத்தில கூடுதலாச் சேர்க்கிற மாற்றம்) வைச்சிருக்கணும். ஒண்டு மாறினாலும் சேர ஏலாமப் போகும், இல்லாட்டி கணக்குப் பிசகி அவுட் ஒஃப் சிங்க் (ஆளுக்காள் ஆட்டம் வேறாகிறது) வரலாம்.

கிட்டங்கி:
தொடங்க வெஸ்னோத்தான் நல்லம். ரியல் டைமில புது ஆக்கள் தோக்கிறது திட்டம் பிழைச்சு இல்ல, கவனம் எட்டாம. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2ல ஒரு வில்லேஜர (வேலையாள்) உருவாக்க 50 உணவு, 25 செக்கன். சண்டையப் பார்த்து, வில்லேஜர உருவாக்கிற கட்டிடமான டவுன் சென்டர 100 செக்கன் மறந்தா 4 ஆள் குறைவு. ஆட்டம் முடியக்குள்ள இந்த நாலு பேர்ட கணக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் இராது.

வெஸ்னோத்தில மேப்பில எந்தக் கட்டத்தில பிழைச்சது எண்டு விரல் வைச்சுக் காட்டலாம். ஈட்டிக்காரன் புல்வெளியில நிண்டா எதிரிட அடி படுற வாய்ப்பு 60%, கிராமத்தில 40%. கிராமம் டேர்னுக்கு 8 உயிரும் ஏத்தும். ஒரு நாளுக்கு 6 டேர்ன். ஈட்டிக்காரனுக்குப் பகலில தாக்கு 25% கூட, இரவில 25% குறைவு, ஓர்க் எண்ட அரக்கப் படைக்கு நேர்மாறு. பொழுது சாயக்குள்ள ஓர்க்க துரத்திப் போனா படை அழியும். பின்வாங்கிக் கிராமத்தப் பிடிச்சு நிண்டு, விடிஞ்சாப் பிறகு இறங்குங்க.

வரிசையா நிக்கவும் தேவையில்ல. உங்கட வீரருக்குப் பக்கத்துக் கட்டத்தில எதிரி கால் வைச்சா அந்த டேர்னில அவன்ட நடை நிண்டிரும். அதால ரெண்டு வீரருக்கு நடுவில ரெண்டு கட்டம் வெறுமையா விட்டாலும், ஒருசில வகை வீரரத் தவிர எதிரி யாரும் ஒரே டேர்னில தாண்ட ஏலாது. வேலிக்கு அடிக்கொரு கம்பு நடாத மாதிரி. நாலு ஆளில நீளமான முனையப் பிடிக்கலாம். எனக்கு இந்த ஆட்டத்தில ஆகப் பிடிச்ச விசயம் இது.

வாவிக்கரை:
விளங்குது அண்ணே. ஆனா மற்ற மூண்டு பேரும் ஆடி முடியும்வரை சும்மா இருக்கணுமே?

சம்மாந்துறையான்:
ஓம், அதுதான் அதிட குறை. ஆளுக்கு 5 நிமிஷம் எடுத்தா சுத்துக்கு 20 நிமிஷம். ரெண்டு மணித்தியாலத்தில 6 சுத்து, கிட்டங்கி சொன்ன கணக்கில ஒரு நாள்தான் போகும். டைமர் போட்டு ஆளுக்கு 90 செக்கன் வைங்க, 20 சுத்து வரும். ரெண்டுக்கு ரெண்டு பிரிஞ்சு, எதிரணி ஆடக்குள்ள நீங்க ரெண்டு பேரும் போனில கதைச்சுத் திட்டம் போடுங்க.

கிட்டங்கி:
கரண்ட் போறதையும் யோசிங்க. வெஸ்னோத் டேர்னுக்கு டேர்ன் தானாச் சேமிக்கும், மறுகா அந்த இடத்திலயே தொடங்கலாம். 0 ஏ.டி.யில இணைப்பு விழுந்த ஆள் திரும்பி வரலாம், ஆனா ஹோஸ்ட் (தன்ட கம்ப்யூட்டரில ஆட்டத்த நடத்திறவர்) விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது. பெட்டரி நல்லா நிக்கிற லேப்டாப்ப ஹோஸ்ட் ஆக்குங்க, மற்றவங்க இணைய ஏலாட்டி ரவுட்டரில யுடிபி 20595 எண்ட போர்ட்ட (வெளி இணைப்பு நுழையிற வாசல்) திறந்து விடணும். ஹொட்ஸ்பொட் ஆள் ஹோஸ்ட் பண்ண வேணாம். மொபைல் நெட்வேர்க்குக்கு உள்ள இருக்கிறவருக்கு வெளியில இருந்து அனேகமா இணைய ஏலாது. வெஸ்னோத்த அவங்கட சேர்வரிலயே ஆடினா இந்தத் தொல்லை இல்ல.